என் அக்காவைக் கடித்த உண்ணி

என் அக்கா இருபத்தைந்து வருடம் நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில் மீன் விற்றவள். அப்படித்தான் மகளை நர்ஸ் படிக்க வைத்தாள். அமெரிக்காவில் வேலைக்குப் போன மகள், தன் பிரசவத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டாள். ஆறு மாதம் இருந்துவிட்டு அக்கா ஊர் திரும்பினாள். வந்த மூன்றாம் மாதம் அவளுடைய வலது முட்டி வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது.

தி.நகரில் ஓர் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நான் சாந்தோமில் பள்ளி ஆசிரியை. நான் கூட இருந்தால் மதித்துப் பேசுவார்கள் என்று நம்பினேன். அவர் முதலில் கேட்டதே, என்ன தொழில் என்றுதான்.

"மீன் விக்கிறேன் சார்."

"அதான். கீழ உக்காந்து உக்காந்து தேஞ்சுடுச்சு. வெயிட்டைக் குறைங்க."

"சார், அமெரிக்காவுல இருந்தப்போ இதே காலுல, தொடைகிட்ட, தட்டு மாதிரி வட்டமா செவந்துச்சு. அது இன்னான்னு…"

"அலர்ஜி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

எழுதிக்கொண்டே சொன்னார். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வலி மாத்திரையில் அக்காவின் வயிறு புண்ணானது. வீக்கம் வடியும், திரும்ப வரும். அடையாறில் இன்னொரு டாக்டர், "பொண்ணு தூரத்துல இருக்குற ஏக்கம். எல்லாம் மனசுதான்" என்று தூக்க மாத்திரை எழுதினார். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு இன்னா, பைத்தியமாடி?"

அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. அதில் பாதி என் மேல்தான். சிவந்த இடத்தைப் போனில் படம் எடுத்து, அப்போதே அவள் எனக்கு அனுப்பியிருந்தாள். பிள்ளை பெற்றவளைப் பயமுறுத்தக் கூடாது என்று மகளிடம் காட்டவில்லை. நானோ, "பூச்சிக்கடியா இருக்கும், தேங்காய் எண்ணெய் தடவு" என்று பதில் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைத் தேடி எடுத்து அக்கா மகளுக்கு அனுப்பினேன். உடனே அவளிடமிருந்து போன் வந்தது. "சித்தி, இது லைம் நோய். இங்க புல்லுல மான் உண்ணி இருக்கும், எள்ளு சைஸுல. கடிச்சா வலிக்காது. மருந்து குடுக்காம விட்டா அப்புறமா மூட்டைப் புடிச்சிடும்."

அப்புறம் நானே தேடிப் படித்தேன். ஐம்பது வருடங்களுக்கு முன் அந்த நாட்டில் ஒரு சிற்றூரில் பிள்ளைகளுக்கு வரிசையாக முட்டி வீங்கியிருக்கிறது. டாக்டர்கள் தட்டிக்கழித்தும் தாய்மார்கள் விடவில்லை. யாருக்கு எப்போது என்ன வந்தது என்று எழுதிவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதன்பிறகுதான் ஆராய்ச்சியே தொடங்கியது. சில வருடம் கழித்து, உண்ணியின் குடலில் திருகு போன்ற கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் பெண்கள் பேச்சைக் கேட்க ஆளில்லாமல்தான் இருந்திருக்கிறது. ஆனால் விடை கிடைத்து இத்தனை காலமாகியும் என் அக்காவுக்கு எதற்குத் தூக்க மாத்திரை?

படத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஓர் இளம் பெண் டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். முட்டியை இரு கைகளாலும் அழுத்திப் பார்த்தார். "இந்த நோயை நான் நேர்ல பார்த்ததில்லம்மா. படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றார். சொன்னபடி மறுநாள் கூப்பிட்டு, ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பச் செய்தார். லைம்தான் என்று வந்தது. ஒரு மாதம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. வீக்கம் வடிந்தது, பிறகு வரவில்லை. ஆனால் தாமதத்தில் மூட்டு கொஞ்சம் கெட்டுவிட்டது; அக்காவால் இப்போது தரையில் உட்கார முடியாது. ஸ்டூல் போட்டு மீன் விற்கிறாள்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தி.நகர் டாக்டரிடம் மறுபடி போனேன். அக்கா வெளியே உட்கார்ந்திருந்தாள்.

"இது நம்ம ஊர்ல இல்லாத நோய்ம்மா. யாருக்குத் தெரியும்?"

"தெரியலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்."

அவர் மணியை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

"உள்ள இன்னா சொன்னாரு?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் சொல்லல."

"சொல்றதுக்கு இன்னா கீது. வா, பஸ்ஸு வந்துடும்."