சித்தி ஜன்னலுக்கு வெளியே நின்ற நாள்

கொல்லிமலையில் ஆபீசர் கண்ணெதிரே முதன்முதலில் கம்ப்யூட்டரை ஓட்டியது யார் என்று கேட்டால், நான்தான் என்று கூசாமல் சொல்வேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இன்று எங்கள் மலையூர்கள் சேர்ந்த வாழவந்தி நாட்டில் மிளகு வாங்க வருகிற எந்த வியாபாரியும் என் குடோனைத் தாண்டிப் போக முடியாது. அந்தத் தைரியமெல்லாம் பத்து வயதில் ஒரே காலைப்பொழுதில் வந்தது.

எங்கள் ஊர் கூட்டுறவுச் சங்க ஆபீசுக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதை இயக்கத் தெரிந்தவள் என் சித்தி ஒருத்திதான், நாமக்கல்லில் தங்கிப் படித்துவிட்டு வந்தவள். தற்காலிக வேலை. கீழேயிருந்து பெரிய ஆபீசர் வருவார். கரண்டு இல்லாத வீடுகளின் பட்டியல் அவர் முன்னால் அச்சாகி வந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கல்யாணம். சித்தியின் அப்பா, எங்கள் அப்புச்சி, மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். சித்தி மூன்று மாதம் ஊர் ஊராக நடந்து பெயர்களை எழுதி வந்து, ஒவ்வொன்றாக மெஷினுக்குள் ஏற்றியிருந்தாள்.

ஆபீசர் வந்த நாள் பார்த்து சித்திக்கு வீட்டு விலக்கு. அந்த நாட்களில் பெண்கள் தனிக் குடிசையில் இருந்தாக வேண்டும் என்பதால் சேதி ஊருக்கே தெரிந்திருந்தது. பெரிய கிளார்க்கோ மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் முருகன் படத்துக்கு மாலையும் போட்டுவிட்டார்.

"சாமி இருக்கற ரூமுக்குள்ள நீ எப்படிம்மா வருவே? நானே தட்டிக்கறேன்."

தட்டினார். மெஷின் கீச்சென்று கத்தியது. மனுஷன் கதவு வரைக்கும் பின்வாங்கிவிட்டார்.

வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. குடிசையிலிருந்து எழுந்து வந்திருந்த சித்தி வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்றுத் தள்ளி நான்.

"ஏனுங்க, அந்தப் பொட்டியை இந்தப் பக்கம் திருப்புங்க. சின்னப்புள்ளைக்குத் தீட்டு இல்லீங்களே? கண்ணு, நீ உள்ள போ."

போனேன். நாற்காலியில் முட்டி போட்டு ஏறினேன். அதற்குள் ஆபீசரும் வந்து பின்னால் நின்றார். எனக்கென்ன பயம்? தேர் இழுக்கப் போகிறவள் மாதிரி பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"மேல் வரிசையில ரெண்டாவது. அதேதான் சாமி. இப்ப வலது ஓரத்துல பெரிய பொத்தான்."

பச்சை எழுத்துகள் ஓடின. வேகத்தில் ஒன்றைக் கூடுதலாகத் தட்டிவிட்டேன்.

"கையை எடு கண்ணு." சித்தி கம்பியில் முகத்தைப் பதித்தாள். "எல்லாத்தையும் அழிச்சுரட்டுமான்னு கேக்குது. கவட்டையாட்டம் 'ஒய்'னு ஒரு எழுத்து இருக்கும், அதை மட்டும் தொட்றாத. இடது மூலையில, எல்லாத்துக்கும் மேல இருக்கறதத் தட்டு."

தட்டினேன். அடுத்து அவள் சொன்னதையும் தட்டினேன். பக்கத்து மெஷின் கிர்ரென்று அலறிக்கொண்டு காகிதத்தைத் துப்ப ஆரம்பித்தது. எடப்புளி நாடு, வாழவந்தி நாடு, வீடு வீடாகப் பெயர்கள். காகிதம் தரை தொட்டு மடிந்து மடிந்து விழுந்தது. ஆபீசர் கை தட்டினார்.

"புள்ள என்ன படிக்குது?"

"அஞ்சாவதுங்க" என்றேன் நான்.

"அஞ்சாவது படிக்கற புள்ளையே ஓட்டுது. இதுக்கு எதுக்குங்க தனியா ஒரு ஆளு?"

"அதாங்க நானும் சொல்றேன்" என்றார் பெரிய கிளார்க். "எந்தப் பொத்தான்னு அந்தப் பொண்ணு எழுதி வெச்சுட்டுப் போனா, நானே தட்டிக்கறேனுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தது நான்தான். ஜன்னலுக்கு ஓடினேன். சித்தி கம்பி வழியாகக் கை விட்டு என் கன்னத்தைத் தொட வந்தவள், தீட்டு என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டாள்.

"நல்லாப் பண்ணுன, கண்ணு."

அடுத்த மாதமே சித்திக்குக் கல்யாணம். எனக்குப் பட்டுப்பாவாடை. பந்தலுக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, ஆபீசர் முன்னால் நான் கம்ப்யூட்டர் ஓட்டிய கதையைச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் மணவறைக்கே கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். கை கால் ஆட்டிச் சொன்னேன். சித்தி தலை நிமிரவே இல்லை. கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.