மூன்றாம் கட்டிலின் சுவர்ப்பக்கம்

அவசரப் பிரிவில்தான் டாக்டராக இருப்பேன் என்று அவள் சொன்னபோது அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, தோல் டாக்டர், கண் டாக்டர்னு எத்தனை இருக்கு! காலைல போய் சாயங்காலம் வீடு திரும்புற மாதிரி ஒண்ணை எடுக்கக் கூடாதா? அங்க வர்றவன் எவனாவது நின்னு ஒரு நன்றி சொல்வானா?"

"நின்னு சொல்ற நிலைமையில இருந்தா அவன் ஏன் அத்தை அங்க வர்றான்?"

அப்பா தையல்காரர். பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். மகள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். மருத்துவ நுழைவுத் தேர்வில் முதல்முறை கோட்டை விட்டபோது, "பேசாம கடையில வந்து உக்காரு" என்றார். அவள் உட்காரவில்லை. முதியோர் இல்லமொன்றில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் கவனிக்கும் வேலைக்குப் போனாள். குளிப்பாட்டுவது, மலம் அள்ளுவது, புரட்டிப் படுக்கவைப்பது. ஒரு வாரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிடுவாள் என்று சொந்தக்காரர்கள் பந்தயம் கட்டினார்கள். கட்டியவர்கள் தோற்றார்கள். மறு வருடம் தேர்ச்சி பெற்று, கல்லூரியில் சேர்ந்த பிறகும் விடுமுறைகளில் அங்கேதான் போனாள்.

அந்த வேலை அவளுக்கு ஒன்றைப் புரியவைத்தது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால், நோயாளியின் நடைவழிப் பக்கம் பளிச்சென்று இருக்கும். படுக்கைப்புண் வருவது சுவர்ப்பக்கம். யாரும் சோம்பேறி இல்லை. கை எட்டுகிற பக்கத்தைக் கை தானாகச் செய்துவிடும். முழு உடம்பையும் பார்த்துவிட்டதாக மனசு நினைத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

அவள் டாக்டராகச் சேர்ந்த அவசரப் பிரிவிலும் ஒரு கட்டில் அப்படி இருந்தது. மூன்றாவது கட்டில். எதிரே மருந்து அலமாரி வந்ததிலிருந்து, தள்ளுவண்டி போக வழி வேண்டுமென்று அதைச் சுவரோடு சேர்த்துவிட்டார்கள். அதில் படுப்பவருக்கு வலது கையில் மட்டும்தான் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இடது கை சுவர்ப்பக்கம். அவளும் பலமுறை சொல்லிப் பார்த்தாள். "அலமாரியை எங்க மேடம் கொண்டு வைக்கிறது, என் தலையிலயா?" என்பார் வார்டு உதவியாளர். அடுத்த ஆம்புலன்ஸ் வந்துவிடும், பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஒரு முற்பகலில் லாரி ஓட்டுநர் ஒருவரை அந்தக் கட்டிலில் கிடத்தினார்கள். ஐம்பது வயதுக்காரர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சட்டை நனைய வியர்த்திருந்தார். இளைய டாக்டர் இ.சி.ஜி. தாளை நீட்டினான். மாரடைப்பு என்று அது அடித்துச் சொன்னது. ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதுவும் பொருந்தியது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இம்மாதிரி நேரத்தில் தாமதிக்காமல் போட வேண்டும்.

"ஊசியை எடுங்க சிஸ்டர்" என்றாள் அவள்.

நர்ஸ் மருந்தைக் கலந்து கொண்டுவருவதற்குள் ஓட்டுநரின் மனைவி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"இன்னும் என்ன பேசிக்கிட்டே நிக்கிறீங்க? முதுகைக் கிழிக்குது, முதுகைக் கிழிக்குதுன்னு வண்டி முழுக்கக் கத்திட்டு வந்தாரு. உங்களுக்குக் காது கேக்கலையா?"

"முதுகா? நெஞ்சுன்னுதானே சொன்னாங்க?"

"முதல்ல நெஞ்சு. அடுத்த நொடியே முதுகுக்குப் போயிடுச்சு. துணியைக் கிழிக்கிற மாதிரி இருக்குதாம்."

ஊசியோடு வந்த நர்ஸிடம் அதைத் தட்டிலேயே வைக்கச் சொன்னாள் டாக்டர். இடது மணிக்கட்டுக்குக் கை எட்டவில்லை. "கட்டிலை இழுங்க" என்றாள். அலமாரி இடித்தது. "இடிச்சா இடிக்கட்டும், இழுங்க!" கிடைத்த இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்து, இடது கையில் பட்டையைச் சுற்றினாள். வலது கையில் இறங்கியிருந்த அழுத்தம் இடது கையில் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. மறுபடி பார்த்தாள். அதேதான்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்தால் இப்படி இருக்கலாம். அப்படியானால் தட்டில் இருக்கும் ஊசி ஆளைக் கொன்றுவிடும். வெறும் மாரடைப்பாக இருந்தால், போடாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தைத் தின்னும். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

"ஊசி வேணாம். வலியையும் அழுத்தத்தையும் குறைக்க மருந்து ஏத்துங்க. ஸ்கேனுக்குப் போறோம்."

மனைவி வழியை மறித்தாள். "எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்ததும் ஊசி போட்டாங்க, இன்னிக்கு மாடிப்படி ஏறுறாரு. எடுத்து வெச்ச ஊசியை ஏன் போட மாட்டேங்கிறீங்க? எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"அம்மா, இங்க பாருங்க. கோட்டுக்கு உள்ளே லைனிங் இருக்கும்ல? அது கிழிஞ்சா கை வெளியே வராம இடையில மாட்டிக்கும். இவரு ரத்தக்குழாயில ரத்தம் அப்படி மாட்டியிருக்குன்னு சந்தேகப்படுறேன். அந்த ஊசி போட்டா, உறையவேண்டிய ரத்தமும் உறையாது."

"சந்தேகம்தானா?"

"சந்தேகம்தான். தப்பாவும் இருக்கலாம். தப்புன்னா பழி என்மேல."

தொலைபேசியில் இதய நிபுணர் அதற்குமேல் காய்ந்தார். "இ.சி.ஜி. கண்ணுக்கு முன்னாடி இருக்கு, நீங்க ஊரைச் சுத்திக் காட்டப் போறீங்களா? ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். நீங்க திட்டுறதைக் கீழே வந்து திட்டுங்க, ஒரு ஆள் கூடுதலா இருக்கும்."

ஸ்கேன் அறையில் ஒருவர் முழங்கால் படத்துக்காக ஏறப் போனார். "அண்ணே, உங்க முழங்கால் காத்திருக்கும்" என்று அவரை நிறுத்திவிட்டு, தள்ளுவண்டியை அவளே உள்ளே தள்ளினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திரையைப் பார்த்தாள். திரையில் ரத்தக்குழாய் நடுவே ஒரு கோடு விழுந்து இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. கிழிசல் இதயத்தின் வாசலிலேயே தொடங்கியிருந்தது. இதயத்துக்கே ரத்தம் தரும் குழாயின் வாயையும் அது அடைத்திருந்தது; இ.சி.ஜி.யில் மாரடைப்பு தெரிந்தது அதனால்தான்.

"மேல அறுவை அரங்குக்குச் சொல்லுங்க. ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க" என்றாள். உள்ளே போய் வண்டியைத் திருப்பினாள்.

அறுவை முடிந்து சர்ஜன் வெளியே வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. குழாயின் கிழிந்த பகுதியை வெட்டிவிட்டுச் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தாயிற்று, இதயம் தானாகத் துடிக்கிறது, இன்னும் சில நாள் கண்டம் உண்டு என்றார். அவள் அதைக் கூட்டாமல் குறைக்காமல் மனைவியிடம் சொன்னாள்.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அந்த ஊசியைப் போட்டிருந்தா?"

"இந்நேரம் நாம வேற பேசிக்கிட்டிருப்போம்."

"நான்தானே போடு போடுன்னு குதிச்சேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன் டாக்டரம்மா."

"முதல்ல எடுக்கச் சொன்னது நான். நீங்க முதுகுன்னு கத்தலைன்னா போட்டிருப்பேன். அதனால அந்த வாயைக் குறை சொல்லாதீங்க. முகம் கழுவிட்டு ஏதாவது சாப்பிடுங்க. அவர் முழிக்கும்போது நீங்க மயங்கி விழுந்தா, போட எனக்குக் கட்டில் இல்ல."

மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இருமல் மாதிரி ஒரு சத்தத்தோடு எழுந்து குழாயடிக்குப் போனாள்.