இறக்கைக்குப் புதுத்துணி

அறுபதுகளின் நடுவில், கார்த்திகை மாதம் பிறந்திருந்த சமயம். திருப்பூரை ஒட்டிய நல்லூரில், ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டும் வேலை. எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது.

அந்த வருஷம் எங்கள் பக்கத்து முருகன் கோவிலுக்குத் திருப்பணி நடந்தது. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மில் முதலாளி, தான் வாலிபத்தில் ஓட்டிய சின்ன விமானம் ஒன்றை ஷெட்டில் பூட்டியே வைத்திருந்தாராம். அவர் காலமான பிறகு அவர் குடும்பத்தார் அதைத் திருப்பணிக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்கள். கோவிலுக்குச் சேவல் வந்து பார்த்திருக்கிறோம், கன்றுக்குட்டி வந்து பார்த்திருக்கிறோம், விமானம் வந்து பார்த்ததில்லை. ஏலம் விடலாமென்றால் ஆரம்ப விலை என்ன வைப்பது? கமிட்டியில் ஒருவர் பத்து ஏக்கர் தோட்டம் பெறும் என்றார். இன்னொருவர் ரெண்டு பஸ் வாங்கலாம் என்றார். அந்தச் சண்டை தீரவேயில்லை. கடைசியில் ஒரு ரூபாய்ச் சீட்டு அடித்துக் குலுக்கல் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

என் வீட்டுக்காரர் கோவிலுக்குக் கொடுத்ததாக இருக்கட்டும் என்றுதான் ஒரு சீட்டு வாங்கினார். கிருத்திகை அன்று பூஜை முடிந்து குலுக்கினார்கள். அவர் சீட்டு வந்தது.

ஊரே சிரித்தது. "ஏனுங்க, இனிப் பழனிக்கு பஸ்ஸுக்கு நிக்க வேண்டாமுங்களே, மேலாலயே போயிரலாம்" என்றார் ஒருவர். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம், "அம்மிணி, துணி காயப்போட நல்ல எடம் கெடைச்சுது போ" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு வேறு நினைப்பு. சொந்தமாக ஒரு மிஷின் போட்டுவிட்டால் பழனிக்குக் காவடி எடுப்பதாக அவருக்குக் கல்யாணம் ஆன புதிதிலிருந்தே ஒரு வேண்டுதல் உண்டு. அடுத்தவன் மிஷினுக்கு முன்னால் நின்று, மேஸ்திரி வாயில் விழுந்து, இருமிக்கொண்டே வீடு வருகிற மனுஷன். முருகன் கண் திறந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

கோவில் மைதானத்தில் அதற்கு மேல் வைக்க முடியாது என்றார்கள். இறக்கைகளைக் கழற்றி மாட்டு வண்டிகளில் ஏற்றி, காலியாகக் கிடந்த ஒரு பஞ்சு குடோனில் கொண்டுபோய் வைத்தோம். குடோன்காரர் தை மாதம் வரை இடம் கொடுத்தார்.

முதலில் வந்தவர் பழைய இரும்புக் கடைக்காரர். வால் பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இரும்புன்னு நெனச்சு வந்தனுங்க. மரமும் துணியுமாக் கெடக்குது. அடுப்புல வெச்சா ஒரு கல்யாணத்துக்குச் சோறாக்கலாம்." என் வீட்டுக்காரருக்கு முகம் சிறுத்துப்போயிற்று.

ரெண்டு நாள் கழித்துக் கோயமுத்தூரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். மில்களில் கழித்த மிஷின்களை வாங்கி விற்கிறவர். விமானம் ஓட்டப் பழகும் இடங்களிலும் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "எங்கிட்ட நிட்டிங் மிஷின் ஒண்ணு இருக்குதுங்க. பழசுதான், ஆனா ஓடற மிஷின். இதை இப்படியே எனக்குக் குடுங்க, நாளைக்கே அதைக் கொண்டாந்து உங்க ஊட்டு வாசல்ல எறக்கறேன்."

என் வீட்டுக்காரர் கோவில் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். வியாபாரி சும்மா இருந்திருக்கலாம். "றெக்கையில துணிதானுங்க மக்கிக் கிழிஞ்சிருக்குது. அது மட்டும் நல்லா இருந்திருந்தா ரெண்டு மிஷினே தருவனுங்க. வாங்கறவங்க மொதல்ல அதைத்தான் பாப்பாங்க" என்றும் சொன்னார்.

"துணி மட்டுந்தானுங்களா கொறை?" என்று கேட்டார் இவர்.

"அது வேற மாதிரிச் சங்கதிங்க. அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க."

"திருப்பூர்க்காரங்கிட்ட வந்து துணியப் பத்திச் சொல்றீங்களே!" என்று இவர் சிரித்தார். வியாபாரியும் சிரித்துவிட்டார். தை பிறந்ததும் மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டி வருவதாகவும், அவர் சரி என்று சொன்னால் ரெண்டு மிஷின் தருவதாகவும் பேச்சானது. இல்லை, ஒன்றே போதும் என்றால் மறுநாளைக்குள் ஆள் அனுப்பச் சொன்னார்.

அன்று வீட்டில் எங்களுக்குள் வாக்குவாதம். "ஏனுங்க, ஒண்ணே போதுமுங்க. கைக்கு வந்ததை வாங்கிக்கலாம்" என்றேன்.

"எனக்கு ஒண்ணு போதும் புள்ள. அண்ணனுக்கு?" என்றார்.

அவர் அண்ணன் கணியூர்ப் பக்கம் கைத்தறி நெய்துகொண்டிருந்தார். இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மாமனார் போய்விட்டதால் தகப்பன் ஸ்தானத்தில் இருந்து இவரை வளர்த்தவர் அவர்தான். ரெண்டு மிஷின் வந்தால் அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே தொழில் செய்யலாம் என்று இவருக்கு ஆசை. அதை எப்படிக் குறை சொல்வது?

பேசித் தீராததால் சாமியிடம் பூ கேட்கலாம் என்று போனோம். எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எதுவானாலும் அப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்து, பூசாரி கற்பூரம் காட்டி, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. "காத்திருந்து புதுத்துணி போடலாமா முருகா" என்று கேட்டோம். வெள்ளை வந்தது. நான் அதைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணன் கட்டுச்சோற்றோடு பஸ் ஏறி வந்தார். தோளில் அவரே நெய்த, இன்னும் அலசி வெளுக்காத கோராத் துணி, கடைக்குக் கொடுக்க வைத்திருந்தது. "தம்பிக்கு விமானம் விழுந்திருக்குது, நான் வேட்டித் துணியோட வந்தா நல்லா இருக்காதுன்னு கெட்டித் துணியாப் பாத்து எடுத்தாந்தேன்" என்றார். பழைய துணியை உரித்தோம். உள்ளே மீன் முள்ளு மாதிரி மெல்லிய மரச்சட்டங்கள். "அலசிப் போட்டரலாமாண்ணா?" என்று இவர் கேட்டார். "அலசினா புதுமொகம் போயிரும்டா" என்றார் அண்ணன். புதுத்துணி என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து தைத்தோம். இவர் கம்பெனி விட்டு வந்து தைப்பார், நான் சமையல் முடித்துப் போய்த் தைப்பேன். நெருக்கத் தையல், ஒரு இழை தப்பாது. எல்லாம் முடித்துப் பார்த்தால் துணி தொளதொளவென்று தொங்கியது. பழைய துணியோ கிழியாத இடங்களில் மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக இருந்ததே! அண்ணன் யோசித்தார். "பாவு நூலுக்குப் போடறாப்ல கஞ்சி போட்டா நின்னுக்கும்" என்றார். நெசவுக் குடும்பத்தில் அதைவிட வேறென்ன தோன்றும்? அண்டாவில் கஞ்சி காய்ச்சி, பாவுக்குப் பூசுகிற பிரஷ்ஷால் இறக்கை முழுக்கப் பூசி, வெயிலில் வைத்தோம்.

காயக் காயத் துணி இறுகியது. சாயங்காலம் தட்டிப் பார்த்தால் டம் என்றது. சின்னப் பிள்ளைகள் மாதிரி மூன்று பேரும் மாற்றி மாற்றித் தட்டினோம். குடோனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு விளக்கேற்றும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"பல்லி சொல்லுதுங்க" என்றேன்.

"கெழக்க இருந்துதான் சொல்லுது. நல்ல பலன் அம்மிணி" என்றார் அண்ணன். மூன்று பேரும் கையெடுத்துக் கும்பிட்டோம்.

தை பிறந்து வியாபாரி அந்த இன்ஜினியரை அழைத்து வந்தார். நடு வயசுக்காரர், அமைதியாகப் பேசுகிறவர். அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். நான் தட்டில் பழமும் பூவும் வைத்திருந்தேன். இன்ஜினியர் குனிந்து தையலைப் பார்த்தார், விரலால் தடவினார். "யார் தைச்சது? இவ்வளவு அழகான தையல் நான் பார்த்ததில்லீங்க" என்றார். அண்ணனுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

பிறகு அவர் இறக்கையின் ஒரு பக்கத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தார். இன்னொரு இடத்தில் அழுத்தினார். முகம் மாறியது. பிளேடு கேட்டு வாங்கி, உள்ளங்கை அளவுக்குத் துணியைக் கீறி, டார்ச் அடித்துப் பார்த்தார். எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே மரச்சட்டங்கள் ஒன்றுவிடாமல் முறிந்து, துணியோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

"அலசாத துணியா? ஈரம் பட்டுக் காயும்போது சுருங்கிப் பிடிச்சு இழுத்திருக்கு. இந்தச் சட்டம் அதைத் தாங்காதும்மா. முறியும்போது சத்தம் கேட்டிருக்குமே?"

 அண்ணன் திரும்பிக் கிழக்குச் சுவரைப் பார்த்தார்.

அப்புறம் அவர்தான் கேட்டார்: "ஏனுங்க, பழைய துணியோடயே வுட்டிருந்தா?"

இன்ஜினியர் வியாபாரியைப் பார்த்தார். "அதைப் பேசி இனி என்னங்க ஆகப்போகுது, வுடுங்க" என்றார் வியாபாரி. நல்ல மனுஷர், எங்களைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. இறக்கை இல்லாத விமானத்தை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறினார். ரெண்டு மிஷினும் போயிற்று, ஒரு மிஷினும் போயிற்று.

"சாப்பிட்டுப் போங்கண்ணா" என்று இவர் எவ்வளவோ கூப்பிட்டார். "வயிறு சரியில்லடா" என்று சொல்லி அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்று இவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "கோராத் துணி சுருங்கும்னு எனக்குத் தெரியாதா புள்ள? கம்பெனியில தெனமும் அதைத்தானே பாக்கறேன். அண்ணன் கொண்டாந்த துணின்னதும் எனக்கு அது தோணவே இல்லையே." அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் சொந்த மிஷின் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

குடோனைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதே பழைய இரும்புக் கடைக்காரர்தான் வந்தார். இன்ஜினையும் சக்கரத்தையும் அவரே எடுத்துக்கொண்டார். அந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. இறக்கைகளை என் வீட்டுக்காரரே கோடாலியால் பிளந்து, ஒரு பிளீச்சிங் பட்டறை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

மிஷின் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. கோபம் இல்லை, குறுகிப் போய்விட்டார். எங்கள் மகளின் காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைத்தோம். அவர் சம்சாரத்தை மட்டும் அனுப்பினார். இவர் கணியூருக்குப் போனால் தறிக்குழியிலிருந்து எழுந்து வருவார், "வாடா" என்பார், காப்பி தரச் சொல்வார், அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. பார்த்துப் பார்த்து, இவரும் போவதைக் குறைத்துக்கொண்டார்.

எழுபதுகளின் கடைசியில் நெஞ்சுச் சளி முற்றி என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை அடுத்தவர் மிஷின்தான். அன்றுதான் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "நாந்தானேடா கஞ்சி போடச் சொன்னேன், சாமி" என்றார். கூடியிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. 

என் வீட்டுக்காரர் தனக்கென்று ஆசைப்படவில்லை, அண்ணன் கெடுதல் நினைக்கவில்லை, வியாபாரி ஏமாற்றவில்லை. சாமி பொய் சொல்லிவிட்டது என்று சொல்ல என் வாய் கூசுகிறது. அப்படியானால் ஒருவர் மேல் ஒருவர் வைத்த பாசமே எங்களை முறித்ததற்கு யார் முன்னால் போய் நின்று முறையிடுவது என்று, இத்தனை வருஷம் விளக்கேற்றிக் கும்பிட்டும் எனக்குத் தெரியவில்லை.