திருக்கிண்ணத்தின் அடியில் ஒரு கீறல்

வெள்ளிக்கு மெருகு போடுகிற வேலையில், பாத்திரம் வெளுப்பதற்கு முன்னால் நம் கை கறுத்துவிடும். வீட்டிலோ கடையிலோ தேய்த்துத் தேய்த்துக் கைரேகை போனவர்கள் உங்களில் எத்தனை பேரோ, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நமக்குக் கறையையோ கீறலையோ கண்டால் சும்மா இருக்க முடியாது, இல்லையா? அதில்தான் வந்தது வினை.

தேய்த்துப் பாராட்டு வாங்கினது

வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு பெங்களூர் சிவாஜி நகரில் ஒரு வெள்ளிப் பட்டறையில் சேர்ந்தேன். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு கன்னியர் மடத்திலிருந்து சிஸ்டர் அருள் ஒரு சின்னத் தட்டு கொண்டுவந்தார். பூசையில் அப்பம் வைக்கிற தட்டு. அதன் அடியில் விரல்கணு நீளத்துக்குப் பாம்பு நெளிகிற மாதிரி ஒரு கீறல். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆண்டவருக்கு வைக்கிற தட்டில் இப்படியா என்று அரை நாள் உட்கார்ந்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, இருந்த சுவடே இல்லாமல் பண்ணினேன். முதலாளி நாகராஜ் சார் கன்னடக்காரர். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கீறல் இருந்த இடமே தெரியலையேம்மா, பஹள சென்னாகிதே, ரொம்ப நல்லாருக்கு!"

நம்பர் இல்லாத வெள்ளி

இந்த வருஷம் அதே சிஸ்டர், அந்தத் தட்டுக்கு ஜோடியான, பூசையில் திராட்சை ரசம் ஊற்றுகிற திருக்கிண்ணத்தோடு வந்தார். முகம் வாடியிருந்தது. மடத்துக்கு ஜூபிலி வருகிறதாம். பழைய கிண்ணத்தையும் தட்டையும் உருக்கிப் புதிதாகச் செய்துவிடலாம் என்று மடத்துத் தலைவி மதர் முடிவு பண்ணிவிட்டாராம். ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு ஃபாதர் கொண்டுவந்தது என்று வாய்வார்த்தையாகச் சொல்வார்களே தவிர, ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. "நான் கன்னியாஸ்திரியா வார்த்தைப்பாடு கொடுத்த அன்னைக்கு இந்தக் கிண்ணத்துலதான் பூசை நடந்துச்சும்மா. சனிக்கிழமை மதர் வருவாங்க. அதுக்குள்ள இது எங்க செஞ்சதுன்னு தெரிஞ்சா உருக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்றார் சிஸ்டர்.

நாகராஜ் சார் லென்ஸை வைத்து நல்ல வெள்ளியில் அடிக்கிற 925 என்ற நம்பரைத் தேடினார். இருந்ததெல்லாம் கறுப்புக் களிம்புதான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்பர் இல்லாத வெள்ளி, ஆதார் இல்லாத ஆளு மாதிரி சிஸ்டர். யாரு நம்புவாங்க?"

பாஷா பாயின் சக்கரம்

சிஸ்டர் போனதும் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். அடிப்பாகத்தில் அதே நெளிகீறல்! ஒரு பாத்திரம் விழுந்து கீறலாம். இரண்டு பாத்திரமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கீறுமா? யாரோ வேண்டும் என்றே போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் தட்டில் நான் தேய்த்து அழித்தது வெறும் கீறல் இல்லை, என்னவோ ஒரு கையெழுத்து.

அதற்குள் மெருகுச் சக்கரம் ஓட்டுகிற பாஷா பாய் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இயேசுவே என்று ஓடிப்போய் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார்: "அரே அக்கா, கீறலுக்குக்கூடவா ஜெபம் பண்ணுவீங்க? உடுங்க, ரெண்டு நிமிஷத்துல காணாமப் போயிடும்!"

நான் விடவில்லை.

உடைந்த முனை

பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்து, ஆறின தண்ணீரில் மெதுவான பிரஷ்ஷால் களிம்பை எடுத்தேன். கீறலுக்குப் பக்கத்தில் துவரம்பருப்பு அளவில் மூன்று முத்திரைகள் எழும்பின. என் பெண் ஸ்டெல்லா எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள். அவள் போனில் பெரிதாகப் படம் எடுத்து, ஸ்பெயினில் பழைய வெள்ளி முத்திரைகளை ஆராய்கிற ஒரு அம்மாவைத் தேடிப்பிடித்து அனுப்பினாள். நான் வியாழக்கிழமை விவேக் நகர் கோயிலில் நவநாள் ஜெபத்துக்கு நின்றேன். நான் படித்தது எட்டாவது. எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி அதுதான்.

வெள்ளிக்கிழமை பதில் வந்துவிட்டது. ஒரு முத்திரை ஊருடையது, ஒன்று வெள்ளியைச் சோதித்தவருடையது, மூன்றாவது செய்த குடும்பத்துடையது. அப்பா, மகன் என்று தலைமுறையாக வெள்ளி வேலை செய்தவர்களாம். மகன் வாலிபத்திலேயே இறந்துபோக, அவர் மனைவி பட்டறையை மூடவில்லை. புருஷனுடைய முத்திரையையே கையில் எடுத்துக்கொண்டு நடத்தியிருக்கிறாள். முத்திரையில் ஒரு எழுத்தின் முனை உடைந்திருந்தால் அது அவள் காலத்து வேலை. நம் கிண்ணத்தில் முனை உடைந்திருந்தது. ஸ்டெல்லா வாசிக்க வாசிக்க நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அந்த நெளிகீறல்? நல்ல வெள்ளிதானா என்று பார்க்க, சோதிப்பவர் ஒரு துளி சுரண்டி எடுத்த தடமாம். விஷயத்தைக் கேட்டதும் பாஷா பாய் சக்கரத்தை நிறுத்திவிட்டார்: "அப்போ நாம துடைக்கிறோம் துடைக்கிறோம்னு சர்ட்டிபிகேட்டையே துடைச்சிட்டு இருந்தோமா அக்கா?"

சனிக்கிழமை

மதர் வந்தார். புதுக் கிண்ணத்துக்கு நாகராஜ் சார் டிசைன்கூட வரைந்து வைத்திருந்தார். ஸ்டெல்லா அச்செடுத்துக் கொடுத்த கடிதத்தை மதர் இரண்டு தடவை படித்தார். லென்ஸில் அந்த உடைந்த முனையை வெகுநேரம் பார்த்தார். சிஸ்டர் அருள் பக்கத்தில் நின்று ஜெபமாலை உருட்டினார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "மதர், தட்டுலயும் இதே மாதிரி கீறல் இருந்துச்சு. வெறும் கீறல்னு நெனச்சு நான்தான் அழிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும், ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லியாயிற்று.

மதர் லென்ஸைக் கீழே வைத்தார். "ரெண்டையும் உருக்க வேண்டாம். ஜூபிலி பூசை இந்தக் கிண்ணத்துலதான்" என்றார். சிஸ்டர் அருள் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கைக்கறுப்பெல்லாம் அவர் வெள்ளை அங்கியில். நாகராஜ் சார் டிசைன் தாளைச் சுருட்டி மேஜைக்குள் போட்டுவிட்டு, முதல் ஆளாகக் கைதட்டினார். வாசல்வரை போன மதர் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: "தட்டுக்கு ஜோடி வேணும்னு நீங்களே ஒரு கீறல் போட்டுடாதீங்க, தாயே!"

இத்தனை வருஷம் பளபளவென்று தேய்த்ததற்குக் கிடைக்காத பேர், ஒரே ஒரு இடத்தைத் தேய்க்காமல் விட்டதற்குக் கிடைத்தது.