ஸ்டெல்லாவுக்குச் சொல்ல வேண்டிய கேதம்

கேதம் சொல்ல வருகிறவர் வீட்டுக்குள் வரமாட்டார். எங்கள் றப்பர் தோட்டங்களில் அதுதான் வழக்கம். வாசலில் நின்று இறந்தவர் யார், எப்போது எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். தேநீர் குடிக்கமாட்டார். போயிட்டு வாறேன் என்று சொல்லமாட்டார். அந்த வார்த்தையைச் சாவோடு சேர்க்கக் கூடாது.

அன்று காலை செல்லையா அண்ணன் வாசலில் வந்து நின்றார். மழை விட்டிருந்தது. அவர் குடையை மடக்கவில்லை. அதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“தெரேசா டீச்சர் தவறிட்டாங்க. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம்.”

ஆஸ்பத்திரியிலிருந்து குறுஞ்செய்தி முன்பே வந்திருந்தது. நான் நம்பியிருக்கவில்லை. ஒருவர் நடந்து வந்து வாய்விட்டுச் சொன்னால்தான் எங்களுக்கு அது சாவு.

எலிக்காய்ச்சல். ஆறு பெருகி, பாடசாலைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாளில் அவர் உள்ளே இறங்கி, பிள்ளைகளின் புத்தகங்களை மேல்தட்டுக்கு ஏற்றினார். பிறகு காய்ச்சல் வந்தது. களைப்பு என்றார். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது கண்கள் மஞ்சளாகியிருந்தன.

இதைப் படிக்கும் உங்களில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய வாய் நினைவிருக்கும். நான் பல்கலைக்கழகம் முடித்து அந்தப் பாடசாலைக்கு வந்த புதிதில், இரண்டாம் தரத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் மேசைமீது ஏறி நின்றார்கள். டீச்சர் யன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “யுனிவர்சிட்டில இதுக்கு என்னா பேரு வெச்சிருக்காங்க, புள்ள?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். எனக்கு ஒரு வாரம் கோபம் இருந்தது.

அந்தக் கோபம் தீர்ந்த நாளில்தான் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொன்னார். மதிய இடைவேளை. றப்பர் ஸ்டோரிலிருந்து புகைவாசம் வந்துகொண்டிருந்தது. சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் சொன்னார்.

ஸ்டெல்லா அவருடைய ஒரே தங்கை. அவளுக்குப் பதினொரு வயதானபோது ஒரு தரகர் வந்து, கடற்கரைப் பக்கம் நல்ல வீடு ஒன்று இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான், பள்ளிக்கும் அனுப்புவார்கள் என்று கூட்டிப்போனார். அந்த ஆண்டு டீச்சர் சாதாரண தரப் பரீட்சையில் தேறி, மேலே படிக்கக் காத்திருந்தார். “என்னையப் படிக்க வெச்சாங்க. அவள அனுப்புனாங்க.” அவ்வளவுதான் சொன்னார். தரகர் ஊரை விட்டுப் போனார். பிறகு செத்தும் போனார். அப்பா, அம்மா அடுத்தடுத்துப் போனார்கள். டீச்சர் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். முகவரி கேட்டார்கள். அதுதான் அவரிடம் இல்லை.

இருந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. போன புதிதில், தோட்டத்து ஆபீசுக்கு ஸ்டெல்லா யாருக்கும் தெரியாமல் எடுத்தது. டீச்சர் அதைச் சொன்னபோது குரல் சின்னப்பிள்ளையின் குரலாக மாறியது.

“வீட்டுக்குப் பின்னால தண்ணி இருக்கு, அக்கா. போட்டு போகுது. ஆனா அந்தத் தண்ணி ஓடவே மாட்டேங்குது. நின்ன எடத்துலயே நிக்குது.”

எங்கள் பக்கத்தில் நிற்கிற தண்ணீர் கிடையாது. மலையிலிருந்து விழுவது எல்லாம் ஆற்றை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். ஓடாத தண்ணீரில் படகு போகிறதென்றால் அது கால்வாய். நீர்கொழும்புக்குத் தெற்கிலிருந்து சிலாபம் வரைக்கும், கடலுக்குச் சமாந்தரமாக, கடலோர நீர்நிலைகளான களப்புகளைக் கோத்துக்கொண்டு போகும் அந்தப் பழைய கால்வாய். அதை நான் வரைபடத்தில் காட்டினேன். டீச்சர் விரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தார்.

“பஸ்ல போனா முன்வாசல் தான் தெரியும். முன்வாசல்ல எல்லாரும் நல்லவங்க, புள்ள. நம்ம பின்பக்கமா போவோம்.”

டிசம்பர் விடுமுறையில் போனோம். நானும் அவரும். படகோட்டி அன்டன் அய்யா, களப்பில் இறால் பிடிப்பவர், சிங்களவர். எதற்காகப் போகிறோம் என்று கேட்டார். சொன்னோம். அதன்பின் அவர் பாட்டு போடவில்லை.

படகிலிருந்து பார்த்தால் வீடுகள் வேறு மாதிரி. முன்னால் மாதா சொரூபமும் வர்ணம் பூசிய மதிலும் வைத்திருக்கும் வீடுகளுக்குப் பின்னால் கரி பிடித்த சட்டிகள், கிழிந்த வலை, வாழையடியில் குப்பை. தண்ணீருக்கு இறங்கும் இரண்டு மூன்று படிகள். அந்தப் படிகளில் பெண்கள் குந்தி உட்கார்ந்து மீன் கழுவினார்கள், துணி அடித்தார்கள். டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பதினொரு வயது முகத்தை முப்பதுகளில் இருக்கும் முகங்களில் தேடுவது எப்படியென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

களப்போரத்து ஊர்களில் இறங்கினோம். நீர்கொழும்பில் கருவாடு காயும் மணலில். கொச்சிக்கடையில் பாலத்தடியில். கோயில் படிக்கட்டில், பேக்கரியில், ஐஸ் உடைக்கும் இடத்தில். எல்லா இடத்திலும் டீச்சர்தான் கேட்டார். சிங்களத்தில் கேட்டார். நாங்கள் இருவரும் காலையிலிருந்து எங்களுக்குள்ளும் சிங்களத்திலேயே பேசிக்கொண்டிருந்தோம். யோசித்துச் செய்ததல்ல. சிங்களவர் நடுவே வாழும் எங்கள் சப்ரகமுவத் தமிழருக்குப் பஸ்ஸில் ஏறியதும் நாக்கு தானாக மாறிவிடும். மாறாவிட்டால் குரல் இறங்கிவிடும். படகிலும் அப்படியே ஏறினோம்.

வைக்காலுக்கு அப்பால் ஒரு வீட்டின் பின்படியில் ஒரு பெண் பெரிய சட்டி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்த ஆண்சட்டை போட்டிருந்தாள். அன்டன் அய்யா படகை ஒதுக்கினார். டீச்சர் சிங்களத்தில் நங்கி, தங்கச்சி, என்று அழைத்து, ஸ்டெல்லா என்று யாராவது இந்தப் பக்கம் வேலைக்கு இருக்கிறார்களா என்று கேட்டார். பெண் நிமிரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். படகு நகர்ந்தது.

ஒரு வளைவு தாண்டியதும் எஞ்சினில் நீர்ச்செடி சுற்றிக்கொண்டது. அன்டன் அய்யா அதை நிறுத்தி, வெட்டி எடுக்கத் தொடங்கினார். திடீரென்று எந்தச் சத்தமும் இல்லை. அப்போது பின்னாலிருந்து, அந்த வீட்டுப் பக்கமிருந்து, ஒரு பெண்குரல் நாயை விரட்டியது.

“சீ, சனியனே, போ அங்கிட்டு.”

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நாயை அப்படித்தான் விரட்டுவார்கள்.

டீச்சர் எழுந்து நின்றார். படகு ஆடியது. திருப்பச் சொன்னதாக நினைவில்லை. கையைக் காட்டினார். துடுப்பால் தள்ளித் திரும்பிப் போனோம். படியில் சட்டி இருந்தது. பாதி தேய்த்தபடி. பெண் இல்லை. பின்கதவு சாத்தியிருந்தது.

கரையேறி, சுற்றி, முன்வாசலுக்குப் போனோம். வீட்டம்மா மிக மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார். வேலைக்கு யாரும் இல்லை என்றார். கிராம சேவகரைத் தேடிக் கூட்டிவந்தோம். அவரும் கேட்டார். அதே பதில், அதே மரியாதை. அதற்குமேல் அவர் என்ன செய்ய முடியும். நாங்கள் திரும்பியபோது சட்டியும் படியில் இல்லை.

அன்று மாலை மாரவிலவில் ஒரு தேநீர்க் கடையில் இருந்தோம். அது ஸ்டெல்லாதானா என்று நான் கேட்கவில்லை. டீச்சரே தொடங்கினார். அந்த நாளில் எங்களுக்குள் பேசிய முதல் தமிழ் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

“நம்ம சிங்களம் ரொம்ப சுத்தம் புள்ள, இல்லயா? யாரோ சிங்களப் பொம்பள வந்து விசாரிக்கிறான்னு பயந்திருப்பா. அக்கா வந்திருக்கான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

தேநீர் ஆறிப்போனது. அது ஸ்டெல்லாவாக இல்லாமலும் இருக்கலாம் என்றேன் கடைசியில்.

“இல்லாமயும் இருக்கலாம். அப்போ அது வேற யாரோட தங்கச்சி?”

அடுத்த நாள் திரும்பும் பஸ்ஸில் அவர் உரக்கத் தமிழில் பேசினார். மறுநாள் சமையலைப் பற்றி, அதிபரைப் பற்றி, என் சீலைக் கட்டைப் பற்றி. எனக்கு உடம்பு கூசியது. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அவிசாவளை வரைக்கும் காத்திருந்தேன். முன்சீட்டுப் பெண்மணி ஒருவர் திரும்பி, பிள்ளை தூங்குகிறது, கொஞ்சம் மெதுவாக, என்றார். வேறு எதுவும் நடக்கவில்லை. இத்தனை வருடமும் எதற்குப் பயந்தோம் என்று நான் யோசித்தேன். டீச்சர் யோசித்தது வேறு. “நேத்தே இப்படிப் பேசியிருக்கலாம்” என்றார்.

அடுத்த விடுமுறையில் மறுபடியும் போனோம். இந்த முறை அவர் படகில் உட்காரவே இல்லை. நடுவில் நின்று, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கத்திக்கொண்டே வந்தார். தோட்டத்தின் பெயர். எங்கள் டிவிசன். மேட்டு லயம். அப்பா பெயர், அம்மா பெயர். காலையில் வேலைக்கு ஆள் சேரும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதைப் போல. களப்பில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், என்ன அக்கா விற்கிறீர்கள், எங்களுக்கும் கொஞ்சம் தாருங்கள் என்று சிங்களத்தில் கேலி செய்தார். டீச்சர் தமிழில் பதில் சொன்னார். “தங்கச்சியத் தேடுறேன் தம்பி.” அந்தப் பக்கத்து மீனவர்களில் பலருக்குத் தமிழ் புரியும். சிரிப்பு நின்றது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

அந்த வீட்டுக்கு வந்தபோது பின்பக்கம் முழுவதும் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கும் மேல். படிகள் மட்டும் வெளியே, தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே டீச்சர் கத்தவில்லை. தகரத்தைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

“ஸ்டெல்லா, அக்கா வந்தேன். போயிட்டு வாறேன்.”

மூன்றாவது முறைக்கு அன்டன் அய்யாவிடம் சொல்லி வைத்திருந்தார். அதற்குள் ஆறு பெருகியது.

அடக்கத்தன்று நீங்கள் பலர் இருந்தீர்கள். குழிக்குப் பக்கத்தில் ஈர மண் குவிந்திருந்தது. முதல் பிடி மண்ணைச் சொந்தக்காரர் யாராவது போடுங்கள் என்று பாதர் சொன்னார். யாரும் முன்னால் வரவில்லை. அப்போது பின்னாலிருந்து பழைய கங்காணி ஒருவர் கேட்டது உங்களுக்கும் கேட்டிருக்கும்.

“தங்கச்சி ஒண்ணு இருக்கே. அதுக்குக் கேதம் சொல்லியாச்சா?”

செல்லையா அண்ணன் மண்ணை அள்ளினார்.

போன சனிக்கிழமை நான் சொல்லப் போனேன். தனியாக. அன்டன் அய்யாவுக்கு விசயத்தைச் சொன்னதும் அவர் படகின் முன்கொம்பில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். வழியெல்லாம் நின்றுகொண்டு சொன்னேன். என் குரல் டீச்சரின் குரலளவு போகாது. கொச்சிக்கடையில் உடைந்தது. அதற்குப் பிறகும் சொன்னேன். படிகளில் இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரும் எழுந்து வரவில்லை.

தகரம் அப்படியே இருந்தது. கீழே கொஞ்சம் துருவேறியிருந்தது. அதற்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம். அன்டன் அய்யா எஞ்சினை நிறுத்தினார். கேதம் சொல்கிறவர் உள்ளே போகக் கூடாது. நான் வெளியேதான் நின்றேன். தண்ணீரின் மேல்.

“மேட்டு லயத்துத் தெரேசா டீச்சர் தவறிட்டாங்க. அடக்கம் பண்ணிட்டோம். தங்கச்சி ஸ்டெல்லாவுக்குச் சொல்ல வந்திருக்கேன்.”

குழாய் நின்றது.

காத்திருந்தோம். கதவு திறக்கவில்லை. குழாயும் மறுபடி திறக்கவில்லை. உள்ளே நிற்பது யாரென்று எனக்குத் தெரியாது. வீட்டம்மாவாகவும் இருக்கலாம். படகு தானாகக் கொஞ்சம் விலகியது. ஓடாத தண்ணீர் என்று சொல்கிறோம். மெல்ல இழுக்கத்தான் செய்கிறது.

டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்: ஒரு படகுப் பாதை, தோளில் அவர் பிடித்த பிடி, இறக்காமல் பேசப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு குரல். கேதம் சொன்னவர் சொல்லக் கூடாத அந்த வார்த்தையும்.

அதைச் சொன்னேன். தகரத்தைப் பார்த்து, உரக்க.

“போயிட்டு வாறேன், ஸ்டெல்லா.”