விசில் எப்படிட்டி இருக்கு?

அப்பாவின் லாரி எங்கள் வாசலுக்கு வந்து நின்றால் நான் செருப்புகூடப் போடாமல் ஓடுவேன். அப்பா இறங்கமாட்டார். கேபினிலிருந்து தலையை நீட்டி, "ஏட்டி, அங்கன போய் நில்லு. விசில் எப்படி இருக்குன்னு சொல்லு" என்பார். நான் முன்சக்கரத்தை ஒட்டி நிற்பேன். நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை மூன்று தடவை மிதிப்பார். எஞ்சின் உறுமலுக்கு மேலே, கொஞ்சம் பிந்தி, ஊசி போல ஒரு விசில் எழும்பும். காலை எடுத்ததும் இறங்கி அடங்கும். நன்றாக இருந்தால் நான் கட்டைவிரலைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளங்கையை ஆட்ட வேண்டும். வாயால் சொல்லக் கூடாது. அது எங்கள் இருவருக்கும் மட்டுமான வழக்கம். தெருப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க, ஒரு லாரிக்கே நான் அனுமதி கொடுப்பதாக எனக்கு நினைப்பு.

அது டர்போவின் விசில். எஞ்சின் கக்கும் புகை போகிற போக்கில் ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றிவிடும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி இருந்து வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். வேண்டாமென்று தள்ளிய புகையே வண்டியை மலையேற்ற உதவுகிறது என்பது ஒன்பது வயதில் எனக்குப் பெரிய அதிசயம். காற்றுக் குழாயில் ஓட்டை விழுந்தால் விசிலுக்குப் பதில் சைக்கிள் டியூப் மாதிரி உஸ்ஸென்று சீறும், பின்னால் கரும்புகை தள்ளும். அதை ஒரு தடவை நான்தான் கண்டுபிடித்தேன். தண்டு தேய்ந்தால் கீச்சென்று உரசும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதால்தான் அதை வைத்துப் பொய் சொல்ல வசதியாக இருந்தது.

அப்பா புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றிக்கொண்டு தென்காசிக்கு வந்து, எங்கள் வாசலைத் தாண்டி, செங்கோட்டை வழியாக மலையேறிக் கொல்லம் போவார். லாரி முதலாளியுடையது. அந்த வருடம் சாரல் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. வகுப்பில் எல்லாரும் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து அதையே பேசினார்கள். எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் நான் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் அப்பா, "அடுத்த ஞாயித்துக்கிழமை கட்டாயம்" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை லோடோடு எங்கேயோ கேரளாவில் நிற்பார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் லோடோடு வந்து நின்றார். மூன்று தடவை மிதித்தார். விசில் அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் உள்ளங்கையை ஆட்டினேன்.

அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். "என்னட்டி, சீறுதா?"

"இல்லப்பா. கீச்சுங்குது."

மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாளிக்குப் போன் போட்டார். லோடை வேறு லாரிக்கு மாற்றினார்கள். வாசலில் நின்ற அம்மா, "மவ கையாட்டினான்னு லோடை விட்டுட்டு நிக்கீங்களே, அவ என்ன வண்டிக்கு டாக்டரா?" என்றாள். அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

மெக்கானிக், சூடு ஆறும்வரை காத்திருந்து குழாயைக் கழற்றினார். காற்றாடியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒரு கீறல் இல்ல, ஆட்டம் இல்ல. யாரு சொன்னா கீச்சுங்குதுன்னு?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான் கேட்டேன். கடையநல்லூர் தாண்டுதப்போ கேட்டுச்சு."

மெக்கானிக் குழாயைத் திரும்ப மாட்டிவிட்டுக் கேபினில் ஏறி மிதித்தார். விசில் எழும்பியது. "இப்பம் எப்படி இருக்கு? சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பயந்துபோய், பாவாடையோடு ஒட்டி, கட்டைவிரலை லேசாகத் தூக்கினேன்.

"இப்பம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா.

"காதுல தண்ணி கிண்ணி போயிட்டா அண்ணாச்சி? முதலாளி கேட்டா என்ன சொல்ல?"

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். என்னைக் காப்பாற்றுவதற்காக அப்பா எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, திருநெல்வேலியில் லாரி சர்வீஸ் சென்டரில் எஞ்சின் பிரிவில் இருக்கிறேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள் காதடைப்பான் கொடுத்து விளக்கினார்கள்: வருடக்கணக்காக எஞ்சின் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு முதலில் மெல்லிய, விசில் மாதிரி உச்சத்தில் போகும் சத்தங்கள்தான் கேட்காமல் போகுமாம். அன்று அந்தக் காதடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னிடம் விளையாடியதில்லை. ஸ்டியரிங் கையைவிட்டுப் போகாமல் இருக்க அவருக்கு இரண்டு காது தேவைப்பட்டது; அது என்னிடம் இருந்தது.

அப்பா வண்டியை விட்டு இறங்கிச் சில வருடம் ஆகிறது. டிவி சத்தம் தெருமுனைவரை கேட்கும். நாங்கள் பேசுவது குறைந்துவிட்டது. இங்கே ஏதாவதொரு லாரியில் விசில் சுத்தமாக எழும்பும்போது என் கட்டைவிரல் தானாகத் தூக்கிக்கொள்கிறது. கேபினிலிருந்து யாரும் தலையை நீட்டிப் பார்ப்பதில்லை.

பட்டறைக்குப் போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, குற்றாலம் போனோம். அம்மா பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் அப்பாவோடு போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட அருவியில் நின்றேன். குளித்து முடித்து அம்மாவுக்காகக் கடைகளுக்கு அருகில் காத்திருந்தோம். அப்பா துண்டால் என் தலையைத் துவட்டினார். சந்தோஷம் தாங்காமல் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"யப்பா, விசில் நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு. குளிக்கணும்னு நான் பொய் சொல்லிட்டேன்."

பத்தடி தள்ளிக் கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்த ஓர் அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்பா என் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

அருவிச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை சொல்லவில்லை.