பதினான்கு சீட் வானும் ஓவர்புக்கிங்கும்

கிளிநொச்சியில் விமான டிக்கெட் போடுவது என் தொழில். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் ஓவர்புக்கிங் என்றால் என்ன என்று கேட்டால், செல்வனின் கதையைத்தான் சொல்வேன்.

அந்தக் கிழமை கஜானி என்ற பல்கலைக்கழக மாணவி என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். விமான நிறுவனங்களின் வணிக உத்தி பற்றி ஆராய்ச்சி. வாய் ஓயாது. பூநகரியிலிருந்து செல்வன் தாயுடன் வந்தான். கட்டாரில் முதல் வேலை. குறித்த நாளில் போய் நிற்காவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. டிக்கெட் போட்டு முடிந்தும் தாய் எழும்பவில்லை.

"அண்ணை, எயார்போட்டுக்குப் போக வான் பிடிச்சிருக்கிறம். பதினாலு சீட்தான். ஆரைக் கூப்பிடுறது, ஆரை விடுறது? விட்டாக் கோவிப்பினம்."

கஜானி முந்திக்கொண்டாள்.

"அன்ரி, பிளேன்காரர் இருக்கிற சீட்டை விடக் கூடத்தான் விக்கிறவை. எப்பிடியும் கொஞ்சப்பேர் வரமாட்டினம். நீங்கள் எல்லாரையும் கூப்பிடுங்கோ!"

நான் மறுத்துச் சொல்வதற்குள் அவா சந்தோஷமாகப் படியிறங்கிவிட்டா. இங்கே வழியனுப்பப் போவதே ஒரு சுற்றுலா. முறிகண்டியில் கச்சான் கடலை, நீர்கொழும்பில் கடல், வழியெல்லாம் பாட்டு. வழியனுப்பும் வானுக்கு வராமல் விட்ட ஆளை வன்னியில் நான் கண்டதில்லை.

பயண நாள் காலையில் செல்வன் அழைத்தான்.

"அங்கிள், வான் போயிட்டுது. நான் வீட்டு வாசல்ல நிக்கிறன்."

"உன்னை விட்டிட்டோ?"

"ஓம். கூப்பிட்ட எல்லாரும் வந்திட்டினம். பெரியப்பா இறங்கமாட்டன் எண்டிட்டார். நான் இளம் பெடியனாம், பஸ்ஸில வரட்டாம். சூட்கேஸை மட்டும் ஏத்திக்கொண்டு போயிட்டினம்."

"உனக்கு ஒண்டும் தரேல்லையோ?"

"சாப்பாட்டுப் பார்சல் தந்தவை."

பக்கத்தில் இருந்து கேட்ட கஜானியின் முகம் வெளிறியது. "சீட் இல்லாமல் விட்ட ஆக்களுக்குப் பிளேன்காரரும் அதுதான் குடுக்கிறவை" என்று முணுமுணுத்தபடி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பூநகரிக்குப் பறந்தாள். நான் கொழும்பு பஸ் சாரதியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி பஸ்ஸை மறித்து வைத்தேன். செல்வன் அவளுடைய ஸ்கூட்டியில் பார்சலும் கையுமாக வந்து ஏறினான்.

முறிகண்டியில் வான் நின்றது. எல்லோரும் கச்சான் வாங்கிக்கொண்டிருந்தார்களாம். பஸ் முந்திவிட்டது. அவர்கள் கடலும் பார்த்துவிட்டு விமான நிலையம் வந்து சேர்ந்தபோது, வாசலில் நின்று வரவேற்றவன் செல்வன்தான். சூட்கேஸை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினான். கட்டிப்பிடித்து அழவென்று அவ்வளவு தூரம் போன பெரியப்பாவுக்கு அவன் முதுகு மட்டும்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது பாஸ்போட்டைப் பற்றிக் கேட்கிறேனோ இல்லையோ, இதைக் கேட்காமல் விடுவதில்லை:

"தம்பி, வானில உமக்குச் சீட் இருக்கோ?"